எப்சிபா வீட்டுக் கடற்காற்று

அக்னி நட்சத்திரம் பிறந்த வாரத்தில், வேலூர் ரங்காபுரத்தின் கடைசிக் குறுக்குத் தெருவில், ஸ்கேன் சென்டர் ஒன்றில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை பார்த்துவந்த எப்சிபாவின் வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் பின்புறமிருந்து கடல் காற்று வீசத் தொடங்கியது. அதை முதலில் அறிந்தது எப்சிபா அல்ல. அவள் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். காற்றோ பெட்டியின் பின்பக்கத்துச் சிறு மின்விசிறி வழியாக வெளியேறி, மேசையை ஒட்டியிருந்த ஜன்னல் கம்பிகளுக்கிடையே புகுந்து, வீட்டுக்குப் பின்னாலிருந்த காலி மனைக்குப் போய்விட்டது. அங்கே கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு விஜயகுமாரி, கையிலிருந்த பாவாடை உப்பி எழுவதைப் பார்த்து, உதட்டை நக்கிப் பார்த்து, அது கரிப்பதை உணர்ந்து, உள்ளே போய்த் தன் கணவனிடம், "சேர எடுத்துக்கினு பின்னாடி வா, பீச்சுக் காத்து வருது" என்றாள். அவனும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனான். வேலூரில் மே மாதத்தில் காற்று வருகிறதென்றால் எங்கிருந்து என்று யாரும் கேட்பதில்லை.

எப்சிபாவுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. படுக்கையில் கிடந்த அம்மாவைப் பல வருஷம் புரட்டிப் படுக்கவைத்து, துடைத்து, ஊட்டி, ஜெபம் சொல்லி, கடைசியில் ஒரு புனித வெள்ளிக்கு முந்தின நாள் அடக்கம் செய்துவிட்டு, காலியாகிப்போன மாலை நேரங்களை என்ன செய்வதென்று தெரியாமல் அவள் இருந்தாள். தம்பி யாபேஸ் துபாய் போகும்போது தன் கம்ப்யூட்டரை அக்கா வீட்டில் இறக்கிவைத்துவிட்டுப் போயிருந்தான். ஞானப்பாட்டு கேட்பதற்காக அதைத் திறந்தவள், அவன் அதில் விட்டுப்போன கடல் விளையாட்டு ஒன்றைத் தெரியாமல் அழுத்தினாள். திரை நீலமாகி, அலை எழும்பி, ஒரு பாய்மரக் கப்பல் அவளுக்காகக் காத்துக்கொண்டு நின்றது.

அந்தக் கப்பலை இருவர் சேர்ந்துதான் ஓட்ட முடியும். ஒருவர் சுக்கான் பிடிக்க வேண்டும், மற்றவர் பாயை இழுத்துக் கட்ட வேண்டும், இருவரும் காதில் மாட்டிய ஒலிவாங்கி வழியாகப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். யார் யாரோடோ ஓட்டி, பாஷை புரியாமல் பாறைகளில் மோதிக்கொண்டிருந்தவள், ஒரு நாள் கப்பல் உடைந்த சத்தத்துக்கு நடுவே, "கோதாரி, இதுவும் போச்சு!" என்று ஓர் ஆண் குரல் சலித்துக்கொள்வதைக் கேட்டு, "நீங்க தமிழா?" என்றாள். அந்தக் குரல், "ஓம்... ஓம், தமிழ்தான்" என்றது. தொண்டையைச் செருமிக்கொண்டது. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ. கனநாள் தமிழ் கதைச்சு. பெரும்பாலும் ஏச்சுத்தான் வருது."

அவர் பெயர் குகராசா. பருத்தித்துறைக்காரர். நோர்வேயின் வட கோடியில், அதற்கு மேல் ரோடு இல்லாத ஓர் ஊரில், மீன் பதனிடும் ஆலையில் வேலை பார்த்தார். அந்த ஊரில் அவர் ஒருவர்தான் தமிழர். அவருடைய மதிய நேரம் இவளுக்கு மாலை. ஆலையிலிருந்து வந்து கையைக் கழுவிவிட்டு அவர் உட்காரும்போது, இவள் ஸ்கேன் சென்டரிலிருந்து வந்து முகம் கழுவிவிட்டு உட்காருவாள். அவர் சுக்கான், இவள் பாய். மிளகு ஏற்றுவார்கள், முத்து ஏற்றுவார்கள், புயலில் மாட்டிக்கொண்டு பாதியைக் கடலில் தள்ளுவார்கள். அண்ணன், சார் என்று எதுவும் சொல்லிக் கூப்பிடாமல், ஒருவரையொருவர் "நீங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டு, தங்கள் வீட்டுக் கதை எதையும் அதிகம் சொல்லாமல், "இடப்பக்கம் பாறை", "கொஞ்சம் தளர்த்துங்கோ", "சாப்பிட்டீங்களா", "இல்லை, இனித்தான்" என்று பேசிக்கொண்டே மாதக்கணக்கில் ஓட்டினார்கள். அந்த ஓட்டத்துக்கு நடுவில்தான் காற்று வீசத் தொடங்கியது.

தெரு அந்தக் காற்றை எடுத்துக்கொண்ட விதம் மிகச் சுலபமாக இருந்தது. முதல் வாரம் நாற்காலிகள் வந்தன. அடுத்து கோரைப்பாய்கள் வந்தன, பிறகு கயிற்றுக் கட்டில்கள் வந்தன. முள் மண்டிக் கிடந்த காலி மனையைக் குடியிருப்போர் சங்கத் தலைவர் தணிகாசலம் ஆள் வைத்துச் சுத்தம் செய்தார். அவர் தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எதையும் ஒழுங்குக்குக் கொண்டுவராமல் அவரால் உட்கார முடியாது. தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் விற்பவர் ஒருவர் எங்கிருந்தோ தகவல் தெரிந்து தூக்கோடு வந்து சேர்ந்தார். அவருக்குப் பின்னால் பலூன் சுடும் பலகைக்காரர், அவருக்குப் பின்னால் மிளகாய் பஜ்ஜி வண்டி. பிள்ளைகள் காற்றாடி விட்டார்கள். கொடியில் காய்ந்த பள்ளிச் சீருடைகள் உப்பேறி விறைத்துக்கொண்டு நின்றன. இரும்புக் கேட்டுகள் துருப்பிடித்தன, பெயிண்டருக்கு வேலை கிடைத்தது. தெரு முனையில் அப்பளம் போட்டுவந்தவர்கள் மட்டும், எவ்வளவு காயவைத்தாலும் நமுத்துப்போகிறதே என்று கொஞ்ச நாள் சண்டை பிடித்துவிட்டு, பிறகு அப்பளத்தை விட்டுக் கருவாட்டு வியாபாரத்துக்கு மாறிக்கொண்டார்கள். மின்வாரிய லைன்மேன் தன் மாமியாரைக் கூட்டிவந்து காற்று வாங்கவைத்தார். அதன்பின் மாலை வேளைகளில் அந்தத் தெருவுக்கு மட்டும் கரண்ட் போகவே இல்லை.

தணிகாசலத்தின் மருமகன் ஒரு முறை வந்து அந்தக் கம்ப்யூட்டரில் கார் விளையாட்டையும் கப்பல் விளையாட்டையும் ஓட்டிப் பார்த்தான். வெறும் சூடான காற்றும் பிளாஸ்டிக் கருகும் நாற்றமும்தான் வந்தன. எப்சிபா பாட்டு கேட்டபோதும் அப்படித்தான். ஆகவே எப்சிபா உட்கார்ந்தால்தான் காற்று, அதுவும் கப்பல் ஓட்டினால்தான் என்பது உறுதியானது. ஆரம்பத்தில் அவளுக்கு நன்றியாகத் தட்டில் ஏதேனும் பலகாரம் வந்துகொண்டிருந்தது. பிறகு நின்றுவிட்டது. கடலுக்கு யாரும் பலகாரம் கொடுத்தனுப்புவதில்லை. ஸ்கேன் சென்டரில் வேலை நீண்டு அவள் தாமதமாக வந்தால், தெருவே எழுந்து நின்று, "இன்னா மேடம் இவ்ளோ நேரம்" என்று கேட்டது. அவள் செருப்பைக் கழற்றி உள்ளே போய் உட்காருவாள். ஜன்னலுக்கு அப்பால் நூறு பேர், மெரினாவில் கடலைப் பார்த்து உட்காருவதுபோல அவளுடைய ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கும் அவளுக்கும் நடுவில் கம்ப்யூட்டர் பெட்டியின் பின்புறமும் அதன் வயர்களும் மறைத்துக்கொண்டிருந்தன. ஆகவே அத்தனை பேர் பார்த்தும் அவளை யாரும் பார்க்கவில்லை. காற்று முழுவதும் வெளியே போய்க்கொண்டிருந்ததால், அறைக்குள் அவள் புழுக்கத்தில் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே பாய் இழுத்தாள்.

ஆவணியில், அந்த விளையாட்டைத் தயாரித்த கம்பெனிக்காரர்கள் கடலைப் புதுப்பித்தார்கள். அலைக்கு மேல் நுரை தனித்தனியாகத் தெரிந்தது, மேகத்தின் நிழல் தண்ணீரில் ஊர்ந்தது, மீன் துள்ளினால் செதில் மின்னியது. குகராசா அங்கிருந்து, "பாருங்கோ, பாருங்கோ, என்ன வடிவு!" என்று கத்தினார். எப்சிபாவின் திரையில் கடல் துண்டு துண்டாக நின்று நின்று வந்தது. அவர் "இழுங்கோ" என்று சொன்னதற்கு அவள் பாயை இழுத்தால், அது கை நகர்ந்து வெகு நேரம் கழித்தே இழுபட்டது. அதற்குள் கப்பல் பாறையில் இருந்தது.

அவள் கம்ப்யூட்டர் கடை சாதிக் பாஷாவை வரவழைத்தாள். அவர் பெட்டியின் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தார்.

"எல்லாருதுலயும் தூசி இருக்கும் மேடம். உங்களுதுல உப்பு இருக்கு."

அவர் பிரஷ்ஷால் உப்பைத் தட்டினார். மின்விசிறி இடுக்கிலிருந்து ஒரு மீன் செதிலையும், கட்டைவிரல் நகம் அளவு கிளிஞ்சலையும் எடுத்து மேசைமேல் வைத்தார். சூட்டைக் கடத்தும் பழைய பசையைச் சுரண்டிவிட்டுப் புதுப் பசை தடவினார். ரேம் கூட்டினார். பழைய டிஸ்கை எடுத்துவிட்டு வேகமான டிஸ்க் ஒன்றைப் போட்டார். தேவையில்லாமல் பின்னால் ஓடிக்கொண்டிருந்ததையெல்லாம் நிறுத்தினார். "ஓட்டிப் பாருங்க" என்றார். கொஞ்ச நாள் பரவாயில்லாமல் ஓடியது. பிறகு மறுபடியும் கடல் நின்று நின்று வந்தது. நுரையைக் குறைத்தாள், நிழலை அணைத்தாள், மேகத்தை எடுத்தாள், தூரத்துத் தீவுகளை எடுத்தாள். குகராசா பார்த்துக்கொண்டிருந்த அழகான கடலுக்குள், அவள் மட்டும் மொட்டையான சாம்பல் தண்ணீரில் பாய் இழுத்துக்கொண்டிருந்தாள். அப்போதும் நின்றது.

"இதுக்கு மேல தள்ள முடியாது மேடம்" என்றார் சாதிக். "கிராபிக்ஸ் கார்டு மாத்தினா போர்டு தாங்காது, போர்டு மாத்தினா எல்லாத்தயும் மாத்தணும். புதுசா வாங்கிடுங்க. இது உப்புல அரிச்சுப்போச்சு."

ஆனால் கம்ப்யூட்டர் திணறத் திணறக் காற்று பலமாக அடித்தது. வேகம் குறைந்த அளவுக்கு அதன் மின்விசிறி கதறியது, அது கதறிய அளவுக்கு மனையில் கட்டில் விரிப்புகள் பறந்தன. தெருவுக்கு அவ்வளவு நல்ல காலம் அதற்கு முன் வந்ததில்லை. சத்துவாச்சாரியிலிருந்தும் காட்பாடியிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள்.

குகராசா பொறுமையாகத்தான் இருந்தார். வேகமான கம்ப்யூட்டர் வைத்திருந்த வேறு ஆட்கள் அவரைத் தங்கள் கப்பலுக்குக் கூப்பிட்டார்கள். அவர் போகாமல் துறைமுகத்தில் நின்றார். "அவசரப்படாதேங்கோ, நான் நிக்கிறன்" என்பார். திரை உறைந்து, அவர் குரலும் பாதியில் அறுபடும்போது எப்சிபா ஒலிவாங்கியை வாயருகே இழுத்துக்கொள்வாள். ஒரு நாள் அது உறைந்து தெளிந்தபோது துறைமுகத்தில் அவர் இல்லை. வேறு யாருடனோ போயிருந்தார். மறுநாள் வந்து, "நேற்று நீங்க போயிட்டீங்கள் எண்டு நினைச்சன்" என்றார். அவள் எங்கேயும் போகவில்லை. அதே நாற்காலியில்தான் இருந்தாள்.

புதுக் கம்ப்யூட்டர் வாங்கப்போகும் செய்தி சாதிக் பாஷாவின் கடையிலிருந்து தெருவுக்கு வந்து சேர்ந்தது. தணிகாசலம் காலி மனையிலேயே, காற்று வாங்கும் நேரத்திலேயே கூட்டம் போட்டார். எப்சிபாவுக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அவள் அங்கே இருந்ததால் அன்றைக்குக் காற்று இல்லை. எல்லோரும் விசிறிக்கொண்டு, சற்று எரிச்சலோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"உங்க சொந்த விஷயத்துல தலையிடறோம்னு நினைக்காதீங்க மேடம்" என்று தணிகாசலம் தொடங்கினார். "கரண்ட் பில்ல சங்கமே கட்டிடும். உங்களுக்கு ஒரு நல்ல சேர்கூட வாங்கிக் குடுத்துடறோம். அந்த டப்பாவ மட்டும் மாத்தாதீங்க."

"ரொம்ப ஸ்லோவா இருக்கு சார். விளையாட முடியல."

"மெதுவாதான் வெளயாடுங்களேன்" என்றாள் விஜயகுமாரி. "ஆறு மணிக்கு மேல உங்களுக்கு இன்னா அவசரம்? வூட்ல புருஷனா, புள்ளையா?"

அதை அவள் பொல்லாப்பாகச் சொல்லவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. அது எல்லோருக்கும் தெரிந்த, நியாயமான விஷயமாகவே பட்டது. பிறகு தணிகாசலம், முதல் வரிசையில் கட்டிலில் படுத்திருந்த ஏகாம்பரத்தைக் காட்டினார். "அவருக்காகவாவது பாருங்க."

ஏகாம்பரம் பாதி வாழ்நாள் தோல் பதனிடும் தொழிற்சாலையில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று, நுரையீரலைத் தொலைத்தவர். மகன் வீட்டில் இருந்தார். காற்று வந்த நாளிலிருந்து அவருடைய கட்டிலை ஜன்னலுக்கு நேர் கீழே போட்டுவைத்திருந்தார்கள். அங்கே படுத்தால் அவருக்கு மூச்சு சத்தமில்லாமல் வந்தது, மருந்துக் குப்பி தலைமாட்டில் சும்மா கிடந்தது. அன்றைக்குக் காற்று இல்லாததால் அவர் நெஞ்சு விசிலடித்துக்கொண்டிருந்தது. எப்சிபா அதைக் கேட்டாள். அம்மாவின் கடைசி நாட்களில் அதே சத்தம் அவள் வீட்டில் இருந்தது.

"மாத்தல சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் காற்று வந்தது. தெரு கைதட்டியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அவள் கோவிலிலிருந்து வந்து சோறு வடித்துக்கொண்டிருந்தபோது யாரோ முன்கதவைத் தட்டினார்கள். அந்தக் கதவைத் தட்டி ஆள் வந்து எவ்வளவோ நாளாகியிருந்தது. ஏகாம்பரம் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிர்ச் சாரியிலிருந்து நடந்து வந்ததற்கே வாயால் மூச்சு வாங்கினார். அவள் ஓடிப்போய் நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, முதுகை நீவிவிட்டாள்.

"அத்த மாத்திடும்மா" என்றார் அவர்.

"எத?"

"அந்தப் பொட்டிய." மூச்சு வாங்கினார். "நானு ஜன்னலுக்குக் கீயதான படுத்துக்கினு கீறேன். மத்தவங்களுக்குக் காத்து மட்டுந்தான் வருது, எனக்கு உன் பேச்சும் வருது. தெனிக்கும் சொல்றியே, 'இருங்க, வந்துடுறேன், போய்டாதீங்க, போய்டாதீங்க'ன்னு. யாராண்ட சொல்ற?"

அதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. அவருக்குக் கம்ப்யூட்டரைப் போட்டுக் காட்டினாள். கடல் நின்று நின்று வந்தது. துறைமுகத்தில் யாரும் இல்லை, குகராசா வருகிற நேரம் ஆகவில்லை.

"இவ்ளோ தண்ணியா" என்றார் ஏகாம்பரம். வெகு நேரம் பார்த்துவிட்டு, "இங்க குந்திக்கினா புழுங்குதே. உனுக்குக் காத்தே வர்ல" என்றார்.

"எனக்குப் பழகிடுச்சுங்க. உங்களுக்குத்தான்..."

"எனக்கு இன்னா. காத்து இருந்தா கொஞ்ச நாளு கூட இருப்பேன். அந்தக் கொஞ்ச நாளும் நீ உள்ள கெஞ்சினே இருக்கறதக் கேட்டுக்கினு படுத்திருக்கணும். எனக்கு வாணாம்மா."

அவள் மாற்றினாள். உடனே அல்ல, ஒரு வாரம் சாப்பாடு இறங்காமல் யோசித்து, மாற்ற வேண்டாம் என்று முடிவு செய்து, அன்று மாலையே கடல் உறைந்து குகராசாவின் குரல் அறுந்துபோக, "போய்டாதீங்க" என்று சொல்ல வாயெடுத்து, ஜன்னலுக்குக் கீழே ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நினைவு வந்து வாயை மூடிக்கொண்டு, மறுநாள் சாதிக் பாஷாவுக்குப் போன் செய்தாள். அவர் கறுப்பாக, கண்ணாடிக் கதவு போட்ட புதுப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மேசைக்கு அடியில் வைத்தார். அது சத்தமே போடவில்லை. அதன் பின்னாலிருந்து சாதாரண வெதுவெதுப்பு வந்தது. பழைய பெட்டியை அவர் தூக்கியபோது அதன் அடித்தகடு துருவாகப் பொடிந்து தரையில் கொட்டியது.

தெரு அவளிடம் சண்டைக்கு வரவில்லை. சில நாள் மாலையில் வந்து உட்கார்ந்து பார்த்தார்கள். பிறகு நாற்காலிகளை எடுத்துக்கொண்டு போனார்கள். சுண்டல்காரர் வேறு இடம் பார்த்துக்கொண்டார். கருவாட்டுக்காரர்கள் மறுபடியும் அப்பளம் போட்டார்கள். மனைக்காரர் வந்து அஸ்திவாரத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டார். எப்சிபா நடந்து வந்தால் பேசிக்கொண்டிருந்தவர்கள் கோலத்தையோ செல்போனையோ பார்த்தார்கள். விஜயகுமாரி கொடியை மாடிக்கு மாற்றிக்கொண்டாள். ஏகாம்பரத்தை இரண்டு முறை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்ததை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள்; அந்த நாட்களில் கப்பலை ஓட்டாமல், இருட்டில் முழங்காலிட்டு, என்ன ஜெபிப்பதென்று தெரியாமல் இருந்தாள்.

இப்போது கடல் முழுவதும் அவளுக்குத் தெரிந்தது. நுரை, நிழல், தூரத்துத் தீவு, செதில் எல்லாம் வந்தன. குகராசா இழுக்கச் சொன்ன நொடியில் பாய் இழுபட்டது. "இண்டைக்கு நீங்க பக்கத்தில நிக்கிற மாதிரி இருக்கு" என்றார் அவர். அவளுக்கு அழுகை வந்தது, ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டாள்.

அந்த வருஷம் ஐப்பசி மழை ஏமாற்றியது. புழுக்கம் கார்த்திகை வரை நீண்டது. ஒரு மாலை அவளும் குகராசாவும் நடுக்கடலில் இருந்தபோது முன்கதவு திறந்தது. ஏகாம்பரத்தை அவர் மகன் தாங்கிக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, எப்சிபாவின் முகத்தைப் பார்க்காமல், "இங்கதான் வரணும்னு ஒரே அடம். அப்பறம் வந்து இட்டுக்கினு போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். ஏகாம்பரம் மெலிந்து பாதியாகியிருந்தார். நெஞ்சு விடாமல் விசிலடித்தது.

"அது என்ன சத்தம்?" என்றார் குகராசா. "பாய் கிழிஞ்சிட்டுதோ?"

"எங்க தெருக்காரர் ஒருத்தர் வந்திருக்கார். அவர் மூச்சு."

அவள் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி அவர் பக்கம் வைத்துவிட்டு ஒலிபெருக்கியைப் போட்டாள், அவருக்கும் கேட்கட்டும் என்று. ஏகாம்பரம் திரையை நோக்கிக் குனிந்தார்.

"நீதான் அந்த ஆளா?"

"ஓம் ஐயா. குகராசா."

"இந்தப் பொண்ணு உனுக்காகத்தான் காத்த நிறுத்துச்சு, தெரியுமா?"

எப்சிபா அவர் கையைப் பிடித்தாள். அவள் அதுவரை குகராசாவிடம் காற்றைப் பற்றிச் சொன்னதே இல்லை. சொன்னால் மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்திருந்தாள். இப்போது ஏகாம்பரம் மூச்சுக்கு மூச்சு நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னார்: கட்டில்கள், கருவாடு, கூட்டம், கெஞ்சல், துருவாகிப்போன பெட்டி. குகராசா சுக்கானை விட்டுவிட்டார் போலிருந்தது. கப்பல் மெல்லத் திரும்பி, போகிற திசை இல்லாமல் மிதந்தது.

"அங்க காத்து எப்டி?" என்று கேட்டு முடித்தார் ஏகாம்பரம்.

"இஞ்சயோ?" என்றார் குகராசா. "இஞ்ச காத்தைத் தவிர வேற ஒண்டும் இல்லை ஐயா. யன்னலுக்கு வெளியில கடல். இப்பவே இருட்டிப்போட்டுது." நாற்காலி உரசும் சத்தம் கேட்டது. "பொறுங்கோ, திறக்கிறன்."

தாழ்ப்பாள் ஒன்று இழுபட்டது. அடுத்த கணம் அந்தச் சிறிய ஒலிபெருக்கிகளிலிருந்து காற்றின் சத்தம் வந்தது; எப்சிபா கேட்டேயிராத, மரங்களே இல்லாத இடத்தின் காற்று, எங்கும் தடுக்காமல் நீளமாக வந்து, நடுவில் ஒரு பறவையின் கூவலைத் தூக்கிக்கொண்டு, அறை முழுவதும் நிறைந்தது. குகராசா ஒலிவாங்கியை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்திருக்க வேண்டும். எப்சிபா தன் கையைப் பார்த்தாள். ஒரு மயிர்கூட அசையவில்லை. மேலே ஃபேன் வெக்கைக் காற்றைச் சுழற்றிக்கொண்டிருந்தது, அவள் கழுத்தில் வியர்வை வழிந்தது.

ஏகாம்பரம் கண்களை மூடிக்கொண்டார். நெஞ்சின் விசில் மெல்ல மெல்ல இறங்கி, பிறகு எங்கோ நின்றுபோனது. எப்சிபா பதறி அவர் மூக்கருகே விரலை வைத்தாள். மூச்சு வந்துகொண்டிருந்தது, சத்தமில்லாமல், நீளமாக. கப்பல் தன் போக்கில் மிதந்தது.

கடைசியில் ஏகாம்பரம் துண்டை இழுத்துத் தோள்களில் போர்த்திக்கொண்டார்.

"குளுருதும்மா" என்றார், கண்ணைத் திறக்காமல். "போதும், சாத்திக்கச் சொல்லு. பாவம், அந்த ஆளு தனியா கீறான்."